விடாமல் இருபத்துநாலு மணி நேரம்

பாபு,

முந்தாநேத்து சென்ட்ரல்ல உன் வண்டி கிளம்பறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, ஜன்னல் கம்பி வழியா கையை நீட்டி என்கிட்ட ஒரு சாமான் கேட்ட. ஷோகேஸ்ல ரேடியோவுக்குப் பக்கத்துல இத்தனை வருஷமா கிடக்கிற அந்த போல்ட்டைத் தபால்ல அனுப்பச் சொன்ன. கப்பல்ல கூட இருக்கிற பசங்களுக்குக் காட்டணும், எப்பவும் சட்டைப் பையில வச்சிக்கணும், எங்கப்பா கையால முத்திரை குத்தின போல்ட்டுன்னு சொல்லணும்னு சொன்ன. அத்தனை பேர் எதிர்ல நான், "அந்தக் கருமத்தைத் தொடாதே, போற வேலையைப் பாரு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். உன் மூஞ்சி சுண்டிப்போச்சு. உங்கம்மா வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் என்னை முறைச்சிக்கினே நின்னா. கும்மிடிப்பூண்டியில வந்து இறங்கற வரைக்கும் என்னோட ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுக்கு வந்த புள்ளையை எவனாவது இப்படி வழியனுப்புவானா? நான் அனுப்பினேன். ஏன் அப்படிப் பேசினேன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமா இருக்கும். வேலையெல்லாம் முடிச்சிட்டு, தனியா உக்காந்து படி.

நேவிக்கு ஆள் எடுத்தப்போ, எதுக்குடா இதுல சேரணும்னு உன்னைக் கேட்டாங்கன்னும், நீ அந்த போல்ட்டைப் பத்திப் பேசினேன்னும் சொன்னே இல்லையா? தரையில இறங்கற சண்டை விமானத்தைக் கப்பல்ல இறங்க வைக்கிற வேலையை எங்கப்பா செஞ்சாரு, அதே மாதிரி நானும் செய்யணும்னு சொன்னியாம். கேட்டவங்க சிரிச்சிக்கினே தலையாட்டினாங்களாம். நீ அதை வந்து சொன்ன அன்னைக்கு உங்கம்மா பாயசம் வச்சா. நான் அந்தப் பாயசத்தைத் தொடலை. வயித்து வலின்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா அதுல பாதியைத்தான் நான் உனக்குச் சொல்லியிருந்தேன்.

மீதியைச் சொல்றதுக்கு முன்னாடி அந்த வேலை என்னன்னு சொல்லணும். உனக்கு இப்போ என்னைவிட நல்லா தெரியும், இருந்தாலும் அந்தக் காலத்துல நாங்க எப்படிப் புரிஞ்சிக்கினோம்னு கேட்டுக்கோ. நம்ம திருவள்ளூர் பட்டறையில அது வரைக்கும் லாரி அச்சுக்கு போல்ட் அடிச்சிக்கினு இருந்தோம். திடீர்னு ஒரு நாள் ரெண்டு ஆபீசருங்க ஜீப்புல வந்து இறங்கினாங்க. கப்பல் மேல இருக்கிற விமானமெல்லாம் பழசாயிக்கினு வருது, தரைக்குன்னு செஞ்ச விமானம் ஒண்ணைக் கப்பலுக்குப் பழக்க முடியுமான்னு பார்க்கறோம்னு சொன்னாங்க. தரையில இறங்கற விமானத்துக்கு மைல் கணக்கா ரோடு கிடக்கு. பூ மாதிரி வந்து உக்காந்து, சாவகாசமா ஓடி நிக்கலாம். கப்பல்ல அந்தச் சவுகரியம் கிடையாது. தொப்புன்னு விழணும். விழுந்த வேகத்துலயே வாலுக்குக் கீழ தொங்கற கொக்கி, குறுக்கே கட்டியிருக்கிற கம்பியைப் பிடிக்கணும். பிடிச்சா நிக்கும், பிடிக்கலைன்னா கடல்தான். அதனால அதோட காலைப் பலமாக்கணும், உள்ளே எலும்பு மாதிரி இருக்கிற சட்டத்துக்குப் பலம் கூட்டணும், புதுசா ஒரு கொக்கி மாட்டணும். அந்தக் கொக்கியை விமானத்தோட சேர்க்கிற போல்ட் நம்ம பட்டறைக்கு வந்துச்சு. பன்னெண்டு போல்ட். விரல் கனம்தான், ஆனா ஓடற விமானத்தோட மொத்த பாரமும் ஒரு நொடியில அது மேல வந்து விழும்.

இன்னொரு தொல்லையும் இருந்துச்சு, உப்புக் காத்து. தரையில இருக்கிற விமானத்துக்கு போல்ட் துரு பிடிக்குமேன்னு அவ்வளவு கவலை இல்லை. கப்பல்ல ஒரு மாசத்துல அரிச்சிடும். அதனால போல்ட்டுக்குக் காட்மியம்னு ஒரு வெள்ளை முலாம் பூசணும்னு சொன்னாங்க. முலாம் போடற தொட்டியில போல்ட் கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு இரும்புக்குள்ள பூந்து உக்காந்துக்கும். அது உள்ளயே இருந்தா, பார்க்கப் பளபளன்னு இருக்கிற போல்ட் ஒரு நாள் கண்ணாடி மாதிரி பட்டுன்னு போயிடும். இன்னைக்கே போகாது, பத்துத் தடவை தாங்கிட்டுப் பதினோராவது தடவை போகும். அந்த வாயுவை வெளியே விரட்டறதுக்கு ஒரே வழிதான். முலாம் போட்ட நாலு மணி நேரத்துக்குள்ள கரண்ட் அடுப்புல வச்சு, ஒரே சூட்டுல, விடாம இருபத்துநாலு மணி நேரம் வேக வைக்கணும். காகிதத்துல அந்த 'விடாமல்' என்கிற வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தாங்க. சரியா நடந்துச்சான்னு பார்த்து முத்திரை குத்தறதுக்கு ஒருத்தனுக்கு அதிகாரம் குடுத்தாங்க. அது நான். சின்ன வட்டமா, நடுவுல என் நம்பரோட ஒரு முத்திரையை என் கையில குடுத்தாங்க. அன்னைக்கு மணவாள நகர் வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட அதைக் காட்டினப்போ நான் தரையிலயே இல்லை.

அடுப்பைப் பார்த்துக்கினு இருந்தவன் பேரு எல்லப்பன். பழவேற்காட்டுக்காரன். அவன் ஜனமெல்லாம் ஏரியில மீன் பிடிக்கிறவங்க, அவன்தான் முதல் முதல்ல பட்டறை வேலைன்னு வந்தவன். உனக்கு ஞாபகம் இருக்கலாம், ஒரு தடவை நம்ம வீட்டுக்கு ஓலைக் கூடை நிறைய இறால் கொண்டாந்து குடுத்துட்டு, உன்னைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, "நைனா, நீயும் ஏரோப்ளேனா?"ன்னு சுத்தினான். மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுப்புக் கதவுக்கு நேரா உள்ளங்கையைக் காட்டியே சூடு ஏறிச்சா இறங்கிச்சான்னு சொல்லிடுவான். மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து நோட்டுல எழுதுவான், கோணல் கோணலா. இந்த வாயுக் கதையை நான் பட்டறையில எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னப்போ மத்தவங்க கொட்டாவி விட்டாங்க. அவன் ஒருத்தன்தான் வாயைப் பொளந்துக்கினு கேட்டான். கடைசியில, "விடாமன்னா, நான் ஒண்ணுக்குப் போறதுக்குக் கூட விடாமயா சார்?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவன் மண்டையில அந்த வார்த்தை ஏறிடுச்சு.

முலாம் தொட்டி ரிப்பேராகி வேலை ரெண்டு நாள் தள்ளிப்போச்சு. கடைசியில முலாம் முடிஞ்சு போல்ட் அடுப்புக்குள்ள போனது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். பட்டறையில ஆயுத பூஜைன்னா என்னன்னு உனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலமே எல்லா மிஷினையும் நிறுத்திடணும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கணும், காலையில எல்லாம் குளிர்ந்து அமைதியா இருக்கணும், அப்புறம்தான் சந்தனம் குங்குமம். ஓடற மிஷினுக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது. வருஷம் பூரா நமக்காக உழைக்கிற சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு, அவ்வளவுதான் விஷயம். அதுல நானும் நம்பிக்கை வச்சிருந்தவன்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லேத்து நின்னுச்சு, ட்ரில்லிங் மிஷின் நின்னுச்சு, கிரைண்டர் நின்னுச்சு. அடுப்பு மட்டும் உம்முனு ஓடிக்கினு இருந்துச்சு. போல்ட் உள்ள போய் ஆறு மணி நேரம்தான் ஆகியிருந்துச்சு. வாழைக்கன்னு கட்டிக்கினு இருந்தவங்க, பூசணிக்காயைத் தூக்கிக்கினு வந்தவங்க எல்லாரும் ஈரத் துணியோட அடுப்புக்கு முன்னாடி வந்து நின்னுட்டாங்க. முதலாளி என்னைப் பார்த்தாரு. நல்ல மனுஷன், பக்திமான். "நாளைக்கு வீட்டுப் பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் வருவாங்க. அடுப்பு ஒண்ணு மட்டும் எரிஞ்சிக்கினு இருந்தா எப்படி? என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாரு. அவர் அணைன்னு சொல்லலை, என்னைக் கேட்டாரு. வேண்டாம்னு சொல்ற அதிகாரம் அந்த இடத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் இருந்துச்சு. லேத்துக்காரன் ஒருத்தன் பின்னாலேர்ந்து, "வெள்ளைக்காரதுரை ஒத்துக்க மாட்டாருப்பா"ன்னு சொன்னான். ரூல் ரூல்னு நான் பேசறதால எனக்கு வச்ச பேரு அது. எல்லாரும் சிரிச்சாங்க.

எல்லப்பன் மட்டும் சிரிக்கலை. என் பக்கத்துல வந்து மெதுவா, "சார், அணைக்கலாமா? விடாமன்னு சொன்னியே. நீ சொல்லு, நான் வேணா இங்கியே குந்திக்கினு பார்த்துக்கறேன். பூஜைக்கு நான் வராங்காட்டி இன்னா, எனுக்குப் பேஜாரு இல்ல"ன்னான். எத்தனை பெரிய கதவைத் திறந்து விட்டான் பாரு. நான், "சாமி விஷயத்துல ரூல் பேசாதே எல்லப்பா. ஒரு நாள் நிறுத்தி வச்சா ஒண்ணும் ஆயிடாது. விட்ட மணியை நாளான்னைக்குச் சேர்த்து வச்சிக்கலாம்"னேன். அவன் என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் சுவிட்சை அணைச்சான். பாபு, எனக்கு அது தப்புன்னு தெரியும். தெரியாம செஞ்சேன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். அத்தனை பேர் சந்தோஷமா நிக்கும்போது நான் ஒருத்தன் மட்டும் குறுக்க நிக்கறவனா இருக்கறதுக்கு எனக்கு அலுத்துப் போச்சு. வேற காரணமே இல்லை.

விஜயதசமி அன்னைக்குக் காலையில திரும்ப அடுப்பைப் போட்டு, மிச்சம் பதினெட்டு மணி நேரம் வேக வச்சோம். முன்ன ஆறு, பின்ன பதினெட்டு, கூட்டினா இருபத்துநாலு. சரியா வருதேன்னு என் மனசை நானே தட்டிக் குடுத்துக்கினேன். நடுவுல ஒண்ணரை நாள் அந்த போல்ட் பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்து கிடந்துச்சு என்கிறதைக் கூட்டல்ல சேர்க்கலை. எல்லப்பன் எழுதி வச்சிருந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிச்சேன். புதுசா ஒரு பக்கத்துல, மத்தியானத்துலேர்ந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் விடாமல் இருபத்துநாலு மணி நேரம்னு என் கையாலயே எழுதினேன். கீழே அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "இது எதுக்கு சார் புச்சா?"ன்னு கேட்டான். பழைய பக்கத்துல எண்ணெய் பட்டுடுச்சுன்னேன். போட்டான். அப்புறம் பன்னெண்டு போல்ட் தலையிலயும் ஒவ்வொண்ணா என் முத்திரையைக் குத்தினேன்.

பதினொரு போல்ட் போச்சு, ஒண்ணை மாதிரிக்குன்னு நம்மகிட்டயே வச்சிக்கினோம். போனதெல்லாம் எல்லா சோதனையிலயும் தேறுச்சு. கப்பல்ல இறக்கறதுக்கு முன்னாடி, தரையில ஒரு ரன்வேயில குறுக்கே கம்பி கட்டி, கப்பல் மாதிரியே விமானத்தை வந்து விழ வச்சுப் பார்த்தாங்க. கொக்கி கம்பியைப் பிடிக்குது, விமானம் நிக்குதுன்னு தகவல் வரும்போதெல்லாம் முதலாளி பட்டறைக்கே லட்டு வாங்கித் தருவாரு. நானும் தின்னேன். அப்புறம் ஒரு நாள் கொக்கி கம்பியைப் பிடிச்சது, போல்ட் ரெண்டாச்சு. கொக்கி கம்பியிலயே தொங்கிக்கினு நின்னுடுச்சு, விமானம் மட்டும் ரோடு முடிஞ்ச இடத்துல மண் கரையில போய் மோதிச்சு. ஓட்டினவன் உயிர் பிழைச்சான். ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. கல்யாணம் ஆகி ஆறு மாசம்தான் ஆச்சுன்னு பின்னாடி விசாரிக்க வந்தவங்கள்ல ஒருத்தர் சொன்னாரு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல அந்த விமானத்தைக் கப்பலுக்குப் பழக்கற யோசனையையே விட்டுட்டாங்க. எஞ்சினுக்கும் பலம் போதலை, போல்ட் மட்டும் காரணம் இல்லைன்னாங்க. எனக்கு அதனால ஒரு ஆறுதலும் இல்லை.

விசாரணைக்கு மூணு பேர் வந்தாங்க. உடைஞ்ச இடத்தைப் பரிசோதனை பண்ணிப் பார்த்ததுல உள்ளே வாயு இருந்தது தெரிஞ்சிடுச்சு. சரியா வேகலைன்னா, ஒண்ணு நேரம் குறைஞ்சிருக்கணும், இல்லை சூடு குறைஞ்சிருக்கணும். நேரம்தான் நோட்டுல என் எழுத்துல அழகா இருக்கே. அப்போ சூடுதான். சூட்டைப் பார்த்துக்கினவன் யாரு? எல்லப்பன். அவனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி வராண்டாவுல என்னைப் பிடிச்சான். "சார், நடுவுல அணைச்சோமே, அத்தச் சொல்லிடலாமா? அதனாலதான் ஆயிருக்குமா?"ன்னு கேட்டான். நான் சொன்னதை வார்த்தை மாறாம எழுதறேன், பாபு. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கூட்டினா இருபத்துநாலு இருக்கு. நீ சூட்டைச் சரியா வச்சியா? அதை யோசிச்சுப் பாரு"ன்னேன். அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கினான். உள்ளே போனதும், தெரியலை சார், நான்தான் எங்கேயோ அசந்திருப்பேன்னு அவனே சொல்லிட்டான். வேலை போச்சு. பொய் கையெழுத்துப் போட்டவன்னு பேரும் வந்துச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், வாயைத் திறக்கலை. முதலாளியும் திறக்கலை. அவர் இப்போ இல்லை, செத்தவர் மேல நான் பழி போட மாட்டேன்.

மாதிரி போல்ட்டையும் கேட்டாங்க. காணாம போயிடுச்சுன்னு சொல்லிட்டு, டிபன் கேரியர்ல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன். அதை அறுத்துப் பார்த்து ஏதாவது கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயம். கேரியரைக் கழுவப் போன உங்கம்மா கையிலேர்ந்து அதை வாங்கினது நீதான். இது என்னப்பான்னு கேட்ட. அப்பா செஞ்ச ஏரோப்ளேன் போல்ட்டுன்னு சொன்னேன். நீ அதைக் கொண்டுபோய் ஷோகேஸ்ல வச்ச. எடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உன் பாடப் புஸ்தகத்துக்குப் பக்கத்துல அதையும் வச்சு, நீயே சந்தனம் குழைச்சு, என் முத்திரை மேல சரியா குங்குமம் வைப்ப. அன்னைக்கு மட்டும் அப்பா எங்கே போறாருன்னு உங்கம்மாவை எத்தனை தடவை கேட்டிருப்ப? கம்பெனியில பூஜை, அதான் போறாருன்னு அவளும் சொல்லுவா. நான் எங்கேயும் போகலை. ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து வர்ற வண்டி போற வண்டியைப் பார்த்துட்டுச் சாயங்காலம் வருவேன்.

எட்டாம் கிளாஸ்ல மார்க் அட்டையில என் கையெழுத்தை நீயே போட்டுக்கினு போயிட்ட, ஞாபகம் இருக்கா? வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினாரு. வீட்டுக்கு வந்து உன்னை பெல்ட்டால அடிச்சேன். பொய் கையெழுத்துப் போடறவன் எதையும் செய்வான்னு கத்தினேன். நீ அழவே இல்லை, தலையைக் குனிஞ்சிக்கினு நின்ன. அந்த அடி உனக்கு விழ வேண்டியது இல்லை. அதுக்கு மன்னிப்பு இத்தனை வருஷம் கேட்கலை, இப்போ கேட்கறேன்.

திருவள்ளூரை விட்டுட்டு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வந்தது சம்பளத்துக்காகன்னு உங்களுக்குச் சொன்னேன். அது இல்லை, அந்தப் பட்டறை வாசலை என்னால தாண்ட முடியலை. ஆனா பாரு, வந்த இடத்துக்குப் பக்கத்துலயே எல்லப்பனும் இருந்தான். ஆரம்பாக்கத்துல பொண்டாட்டி ஊர்ல வந்து தங்கி, ஏரி இறாலை ஐஸ் போட்டு ஸ்டேஷன்ல ஏத்தி அனுப்பிக்கினு இருந்தான். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் பிளாட்பாரத்துல தலையில கூடையோட வந்தவனைப் பார்த்துட்டு, நான் தூண் பின்னாடி ஒளிஞ்சிக்கினேன். ஐம்பது வயசு மனுஷன், தூண் பின்னாடி. வண்டி போன பிறகுதான் வெளியே வந்தேன்.

இப்போ மட்டும் என்னடா வந்துச்சு இவனுக்குன்னு நீ நினைக்கலாம். சென்ட்ரலுக்குப் போற வழியில நீ சொன்னியே, அடுத்த மாசத்துலேர்ந்து விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி கொக்கியைப் பார்த்துக் கையெழுத்துப் போடற அதிகாரம் உனக்கு வருதுன்னு. வண்டியில ஏறினப்புறம் அந்த போல்ட்டையும் கேட்ட. உன் கையெழுத்தை நம்பி ஒருத்தன் கடலுக்கு மேல பறக்கப் போறான், நீ என் பொய்யைச் சட்டைப் பையில வச்சிக்கினு கீழே நிக்கப் போற. அதை என்னால தாங்க முடியலை. அதான் எரிஞ்சு விழுந்தேன்.

நேத்துக் காலையில லீவு போட்டுட்டு ஆரம்பாக்கம் போனேன். எல்லப்பன் வாசல்ல உக்காந்து ஐஸ் கட்டியை உடைச்சிக்கினு இருந்தான். முடி முழுக்க வெளுத்துப்போச்சு. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கட்டையைத் துடைச்சு, "வா சார், குந்து. நாஷ்டா ஆச்சா?"ன்னான். வழக்கமா வர்றவனைக் கேட்கிற மாதிரி கேட்டான். நான் உக்காரலை. நின்னுக்கினே சொல்லிட்டேன். நடுவுல அணைச்சதாலதான் உடைஞ்சது, அது அன்னைக்கே எனக்குத் தெரியும், நீ சூட்டைச் சரியாத்தான் வச்ச, உன் மேல ஒரு தப்பும் கிடையாதுன்னு சொன்னேன். அவன் ஐஸ் உடைக்கிற சுத்தியைக் கீழே வச்சான். அப்புறம், "அப்போ அந்த ஆளு கால் போனது என்னால இல்லியா சார்?"ன்னான்.

இல்லைன்னேன். அவன் எழுந்து கதவுகிட்ட போய், "இங்க வாம்மே"ன்னு பொண்டாட்டியைக் கூப்பிட்டான். கன்னியம்மான்னு பேரு. ஈரக் கையோட வந்து நின்னா. "சார், இன்னொரு தபா சொல்லு. இவ கேக்கட்டும்"னான். முதல் தடவை சொல்றது அத்தனை கஷ்டமா இல்லை, பாபு. அந்தப் பொம்பளை மூஞ்சியைப் பார்த்துக்கினு ரெண்டாவது தடவை சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. சொல்லி முடிச்சதும் அவ, "பத்து வருசமா இந்த மனுசன் ஊட்டு அடுப்பைக் கூடப் பத்த வெச்சது இல்ல. நெருப்புக்கும் எனுக்கும் ஆகாது, எவன் காலையாவது வாங்கிடும்னு சொல்லிக்கினு கிடந்தான். நீ பேண்ட்டு சட்டை போட்டுக்கினு இப்போ வந்து நிக்கிற"ன்னா. அதுக்கு மேல அவ திட்டலை. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

எல்லப்பன், "எழுதிக் குடு சார்"னான். உள்ளேர்ந்து அவன் பேத்தியோட நோட்டுப் புஸ்தகம் வந்துச்சு. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அந்த ரவுண்டு முத்திரை இல்லியா? அது இல்லாம செல்லுமா?"ன்னு கேட்டான். அதைத் திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னேன். என் முத்திரைக்கு அவன் இன்னும் அவ்வளவு மதிப்பு வச்சிருந்தான்.

வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ இன்னும் என்கிட்ட பேசலை, இப்போ அதுக்குக் காரணம் வேற. இன்னைக்குக் காலையில இதையே விவரமா எழுதி, அந்த போல்ட்டையும் வச்சுக் கட்டி, அன்னைக்கு விசாரிச்ச ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். உன்னைக் கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம். நீ வேண்டாம்னு சொல்லிட்டா அதையே சாக்கா வச்சிக்குவேன், என்னை எனக்குத் தெரியும். என் பேர்ல என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். ஆனா இது உன் பக்கமும் வரும். இவன் அந்த ஆளோட புள்ளையான்னு ஒருத்தர் கேட்பாங்க. வர்ற கையெழுத்து அதிகாரம் தள்ளிப் போகலாம், வராமலே போகலாம். இத்தனை வருஷமா நீ ஆசைப்பட்டதுல நானே மண்ணைப் போட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. கேட்டா, ஆமா, எங்கப்பாதான்னு சொல்லு. எனக்காக நீ ஒண்ணும் பூசி மெழுக வேண்டாம்.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. எல்லப்பன் சொன்னதை மட்டும் சொல்றேன். நான் கிளம்பறப்போ, "உன் புள்ள இப்போ ஏரோப்ளேன் கப்பல்ல கீறானாமே. அவனுக்கு இது தெரியுமா?"ன்னான். தெரியாதுன்னேன். "சொல்லிடு சார். நாளைக்கு அவன் எதுனா அசந்துட்டு, கீழ இருக்கறவனாண்ட போய், நீ சூட்டைச் சரியா வெச்சியான்னு கேட்டுடப் போறான்"னான். வராண்டாவுல நான் கேட்ட அந்த ஒரு கேள்வியை அவன் மறக்கலை.

அவன் என்னை மன்னிச்சுட்டான்னு நினைச்சுக்காதே. நான் தெருவுல இறங்கிச் செருப்பை மாட்டிக்கினு திரும்பிப் பார்த்தேன். அவன் உள்ளே அடுப்பங்கரையில குத்துக்கால் வச்சு உக்காந்திருந்தான். கையில நெருப்புப் பெட்டி. முதல் குச்சி அணைஞ்சு போச்சு. ரெண்டாவதும் அணைஞ்சுது. கன்னியம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தா, வாங்கிப் பத்த வைக்கலாம்னு கையை நீட்டலை. மூணாவது குச்சியில அடுப்பு பிடிச்சுது. அவன் உள்ளங்கையை அதுக்கு நேரா காட்டி, சூடு பார்த்தான். அப்புறம் டீத்தண்ணி வச்சான், ரெண்டு பேருக்கு. என்னைக் கூப்பிடலை.

இதுல இருக்கிற கையெழுத்து என்னோடதுதான்.

அப்பா